பன்னீர் திராட்சைக்கு வயசு என்ன?

குத்தாலம் சீசனுக்கு வர்றவங்க மங்குஸ்தானும் ரம்புட்டானும் தேடி அலைவாங்க. அச்சன்புதூர்க்காரனான எனக்குப் பழம்னா தள்ளுவண்டியில் குவிஞ்சு கிடக்கிற பன்னீர் திராட்சைதான். கருநீலம், உள்ளே கொட்டை, வாயில் போட்டா பன்னீர் வாசனை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையறது. 2023-ல் இதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ செய்திகளில் ஒரு வரி வந்தது: 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தாராம்.

அந்த வருஷம்தான் இடிக்குது மக்களே.

பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பேரைப் பார்த்தா ஜெர்மனி, ஆனா பிறந்தது இங்கிலாந்தில். பெட்ஃபோர்ட்ஷயரில் சீவர்ட் ஸ்நோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் ரெண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கியது. அப்பன் ஆத்தா யாருன்னு மரபணுச் சோதனையும் பின்னாளில் உறுதி செஞ்சிடுச்சு. 1850-ல் பிறந்த பிள்ளை 1832-ல் எப்படிக் கப்பலேறும்? (சிரிப்பான் போட்டுக்கவும்.)

பெற்றோர் கதை இன்னும் சுவாரஸ்யம். ரெண்டு பேருமே பரம்பரை ஒயின் குடும்பம். தாய், ஸ்கியாவா கிரோசா. ஆல்ப்ஸ் மலையில் தென் டிரோல் பக்கத்து ரகம். ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க்கில் இதுக்கு ட்ரோலிங்கர்னு பேர், டிரோல்தான் அப்படி மருவிடுச்சு என்பார்கள். நெக்கார் ஆற்றங்கரையின் செங்குத்துச் சரிவில் கல்லை அடுக்கிப் படிப்படியா வரப்புக் கட்டி வளர்க்கிறாங்க. இயந்திரம் ஏறாத இடத்தில் எல்லாம் கைவேலை. சின்ன விவசாயிகள் தனித்தனியா நின்னு கட்டுப்படி ஆகாம, 1855-லேயே நெக்கார்சுல்ம் ஊரில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. இதே கொடி இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க். லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ஒரு கொடி இன்னைக்கும் காய்க்குது!

தகப்பன், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவே பான்டெல்லேரியா தீவில் இதைச் சிபிபோ என்கிறார்கள். உலர்திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்த பேர். அங்கே காத்து பேய்மாதிரி அடிக்கும். அதனால் குழி பறிச்சு, அதுக்குள்ளே கொடியைக் குட்டையாவே வளர்த்து, பழத்தை வெயிலில் காயவெச்சு இனிப்பு ஒயின் எடுக்கிறாங்க. அந்தக் குழி விவசாயத்தை யுனெஸ்கோ 2014-ல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபா அறிவிச்சது.

சரி, அப்போ பாதிரியார் கதை கட்டுக்கதையா? அப்படிச் சொல்லமாட்டேன். கத்தோலிக்கப் பூசைக்குக் கலப்பில்லாத திராட்சை ஒயின் வேணும். கலிபோர்னியாவுக்குத் திராட்சைக்கொடி போனதே ஸ்பானியத் துறவிகளோடதான். 1832-ல் இங்கேயும் ஏதோ ஒரு கொடி வந்திருக்கலாம். ஆனா நாம இன்னைக்குத் தின்கிற பன்னீர் ரகம் அதுக்குப் பதினெட்டு வருஷமாவது பிந்தியது.

எனக்கு உறுத்துறது வேற விஷயம். பாதிரியார் வரி மட்டும் ஊரெல்லாம் பரவுது, பயிர் செஞ்சவன் பேச்சைக் காணோம். ஃபிரான்சில் வென்டூ மலையடிவாரத்திலும் இதே மஸ்கட் ஹாம்பர்க்தான், ஒயினுக்கு இல்லாம சாப்பிடறதுக்கு. நம்ம புவிசார் குறியீடு மாதிரியே ஒண்ணு அதுக்கும் 1997-ல் கிடைச்சது. குளிர்காலத்தில் அந்தக் கொடி இலை உதிர்த்துத் தூங்கிடும், வருஷத்துக்கு ஒரே அறுப்புதான். கம்பத்தில் ஏது குளிர்காலம்? கொடி தூங்கவே தூங்காது. நம்மாளு பந்தலில் கவாத்து அடிச்சுத்தான் அதைப் பூக்க வைக்கிறான். அடிச்ச நாளில் இருந்து சுமார் நாலு மாசத்தில் அறுப்பு. ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். அதனாலதான் மாசி, ஆடி, ஐப்பசின்னு எந்த மாசத்திலும் தென்காசி தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை இருக்கு.