மடுவும் பாரும்

தூண்டில் போடுகிறவர்கள் யோசனை சொல்வதில் தாராளமானவர்கள். காவிரிக்கரையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் மண்புழுவைக் கோர்க்கும் விதம், கெண்டைக்கும் கெளுத்திக்கும் ஏற்ற முள்ளின் அளவு, மாவு பிசையும் பக்குவம் எல்லாவற்றையும் சொல்லித் தருவார். கன்னியாகுமரிக் கரையில் ஃபைபர் வள்ளத்தை ஏற்றி நிறுத்திவிட்டு வருபவரும் அப்படித்தான். மத்தியை எப்படி வெட்டினால் முள்ளில் நிற்கும், கணவாய் எந்த மீனுக்கு ஆகும், எந்தக் காற்றில் எது கடிக்கும் என்பதில் அவரிடம் ஒளிவுமறைவு இல்லை. இருவரும் நழுவுவது ஒரே கேள்விக்குத்தான். எந்த இடம் என்று கேட்டுவிட்டால், ஒருவர் ‘மேக்கால, அந்தப் பக்கம்’ என்று கையை வீசுவார். மற்றவர் ‘தெக்க, கொஞ்ச தூரம்’ என்பார். முன்னவர் காப்பது மடுவை. பின்னவர் காப்பது பாரை.

ஆறு கரைக்குள் அடங்கியது, கடல் எதற்கும் அடங்காதது என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். தூண்டில்காரரின் நினைவில் இது தலைகீழாக இருக்கிறது. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை வெள்ளம் அரிக்கிறது, பாறையில் மோதித் திரும்பும் நீர் அதன் அடியைக் குடைகிறது, மடு உண்டாகிறது. அடுத்த பெருவெள்ளம் அதே மடுவை மணலால் தூர்த்துவிட்டு வேறோரிடத்தில் இன்னொன்றைத் தோண்டலாம். கடலடியில் கிடக்கும் பாரோ கல். பாட்டன் கலவா பிடித்த பாரில் பேரனும் கலவா பிடிக்கிறான். ஆகவே ஆற்றுக்காரரின் இடஞ்சார்ந்த அறிவு ஆண்டுக்கு ஆண்டு காலாவதியாகிறது, கடற்காரருடையது சொத்தைப் போலக் கைமாறி வருகிறது. எல்லை புலப்படாத கடலில்தான் பரம்பரை இடங்கள் இருக்கின்றன. இரு கரையும் தெரியும் ஆற்றில் ஒவ்வொரு கோடையும் தேடலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தேடும் முறையிலும் இதே தலைகீழ் நிலை தொடர்கிறது. பாரைக் கண்டுபிடிக்கக் கடற்காரர் நீரைப் பார்ப்பதைவிடக் கரையைத்தான் அதிகம் பார்க்கிறார். கரையோரத்தில் ஓர் அடையாளம், அதற்குப் பின்னே தொலைவில் ஓர் அடையாளம்: இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படும்போது வள்ளம் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. வேறொரு திசையில் இன்னுமிரண்டு அடையாளங்களைச் சேர்த்தால் இரண்டாவது கோடு கிடைக்கிறது. இரண்டும் வெட்டுமிடத்தில் ஈயத்தை இறக்கலாம். மருந்துவாழ்மலை போன்ற ஒரு குன்றோ, மணப்பாட்டு மணற்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில் போன்ற ஒரு கட்டடமோ இதற்கு வாய்ப்பானது. ஆற்றுக்காரருக்குக் கரையிலுள்ள மரமும் மண்டபமும் அவ்வளவாக உதவுவதில்லை. நுரை எந்தக் கோட்டில் ஒதுங்கி ஓடுகிறது, சுழி எங்கே மெல்லத் திரும்புகிறது, வெளிர்பச்சை எங்கே கரும்பச்சையாகிறது என்று நீரின் முகத்தையே அவர் படிக்கிறார். கடலில் மீன் பிடிப்பவரின் நினைவு முழுக்க நிலத்தில் நிற்கிறது. நிலத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவரின் நினைவோ நீரிலேயே இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

இரண்டுக்கும் நடுவே மேட்டூர் அணை நிற்கிறது. 120 அடி நிறையும்போது அங்கே காவிரி ஏறத்தாழக் கடல் போலாகிவிடுகிறது. பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில்தான் வெளியே தெரிகின்றன. நீரடியில் இடம் மாறாத கற்களும் கட்டுமானங்களும் இருக்கும் அங்கே பரிசலில் இருப்பவரும் கடற்காரரைப் போலக் கரையைக் குறி பார்த்து இடம் பிடிக்கலாம். நீரடித் தரை நிலைத்திருந்தால் ஆற்று மனிதரும் நிலத்தின் பக்கம் திரும்பிவிடுகிறார்.

கருவிக்கு வருவோம். ஆற்றுத் தூண்டிலின் உயிர் தக்கையில் இருக்கிறது, கடல் தூண்டிலின் உயிர் ஈயத்தில். மயிலிறகுத் தண்டோ சோளத்தட்டையோ நீர்மேல் நின்று அடியில் நடப்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது. கெளுத்தி கவ்வினால் தக்கை பக்கவாட்டில் நகர்கிறது. ஜிலேபி குத்திக் குத்தி அதை நடுங்க வைக்கிறது. கெண்டை இரையோடு ஈயத்தையும் தூக்கிவிட்டால் நேராக நின்ற தக்கை படுத்துவிடுகிறது. புதிதாக வந்தவர் தக்கை மூழ்கக் காத்திருந்து இதைக் கோட்டைவிடுவார். ‘படுத்தாலும் கடிதான் தம்பி, சுண்டு’ என்பது கரையில் அடிக்கடி காதில் விழும் யோசனை. கடலில் முப்பது பாகம் ஆழத்துக்குக் கீழே நடப்பதைக் காட்ட எந்தத் தக்கையாலும் ஆகாது. அங்கே ஆள்காட்டி விரலின் மேல் ஓடும் தூண்டில் நரம்புதான் செய்தி கொண்டுவருகிறது. ஈயம் கல்லில் விழுந்தால் ஓர் உதறல், மணலில் விழுந்தால் ஒரு மந்தம், சேற்றில் விழுந்தால் எடுக்கும்போது ஒரு பிடிப்பு. ‘தட்டுனதும் ஒரு பாகம் தூக்கிப் பிடி மக்கா’ என்பது அங்கே முதல் பாடம். தூக்காவிட்டால் முள் கல்லோடு போய்விடும். ஒருவர் பார்த்துப் பிடிக்கிறார், மற்றவர் தொட்டுப் பிடிக்கிறார்.

ஆனால் விராலையும் கலவாவையும் அருகருகே வைத்தால் இந்த வேறுபாடுகளெல்லாம் ஓரளவு கரைந்துவிடுகின்றன. இவை உறவு மீன்கள் அல்ல. ஒன்று காற்றைக் குடிக்க நீர்மட்டத்துக்கு வருவது, மற்றொன்று பாறையிடுக்கை விட்டு அதிகம் நகராதது. இருந்தும் இரண்டும் பதுங்கியிருந்து பாயும் வேட்டை மீன்கள். இரையை வாயில் அள்ளியதும் மறைவிடத்துக்குத் திரும்புபவை. விரால் தாமரைக் கொடிக்குள் நுழைகிறது, கலவா கல்லிடுக்கில் நுழைந்து செவுள் மூடிகளை விரித்து இறுக்கிக்கொள்கிறது. ஆகவே இருவகைத் தூண்டில்காரரும் அஞ்சுவது கடித்த பிறகு வரும் முதல் சில நொடிகளைத்தான். அந்த நொடிகளில் செய்ய வேண்டியதுதான் மாறுகிறது. தவளையைக் கவ்விய விராலுக்குச் சற்று அவகாசம் தர வேண்டும். உடனே சுண்டினால் தவளை மட்டுமே திரும்பி வரும். கலவாவுக்கு அவகாசம் தந்தால் மீனே திரும்பி வராது. உள்ளே புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் மறுபடி இருவரும் ஒன்றுபடுகிறார்கள்: இழுக்காதே, நரம்பைத் தளர்த்திவிட்டுக் காத்திரு, பிடி விட்டுப் போனதென்று நினைத்து அதுவாகவே வெளியே வரும்.

பலவீனத்திலும் இவ்விரண்டும் ஒத்திருக்கின்றன. விரால் தன் சிவந்த குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே காவல் நிற்கிறது. கூட்டத்தின் நடுவே தவளையை வீசினால் பசி இல்லாவிட்டாலும் பாய்கிறது. கலவா இனங்கள் பலவும் இனப்பெருக்கக் காலத்தில் குறிப்பிட்ட இடங்களில் கூடுகின்றன. அந்த இடம் தெரிந்தவருக்குச் சில நாட்களில் பாரையே காலியாக்கிவிட முடியும். இரண்டும் எளிய பிடி, இரண்டும் வருங்காலத்தைப் பிடிக்கும் பிடி. குஞ்சோடிருக்கும் விராலைத் தொடக் கூடாதென்று இளையவர்களுக்குச் சொல்லும் மூத்தவர்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

பிடித்ததைத் திரும்ப விடுவதில் இரு நீர்களும் பிரிகின்றன. காற்றைச் சுவாசிக்கும் விரால் ஈரச் சாக்கில் நெடுநேரம் உயிரோடிருந்து, விட்டால் நீந்திப் போய்விடும். ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றப்பட்ட கலவாவின் காற்றுப்பை விரிந்து இரைப்பையை வாய்க்கு வெளியே தள்ளிவிடுகிறது. அப்படியே விட்டால் அதனால் கீழே இறங்க முடிவதில்லை. பெரும்பாலும் மிதந்தே சாகிறது. காவிரியின் திமில் மயிலைக்கெண்டை விஷயத்தில், பிடித்துத் திரும்ப விடுவது பழக்கமாக வேரூன்றியதற்கு ஆற்றின் ஆழக்குறைவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மயிலைக்கெண்டையின் எடை 120 பவுண்டு. 2018இல் அதே இனம் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

காலக்கணக்கில் ஓர் அழகான எதிரொலி உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணைக்குக் கீழே கோடையில் ஆறு மெலிந்து மீன்கள் மடுக்களில் ஒதுங்கும் மாதங்கள் ஆற்றுக்காரருக்குச் செழிப்பானவை. புதுநீர் வந்து மீன்கள் கலையும் வாரத்தில்தான் துறைமுகங்களில் விசைப்படகுகள் புறப்படுகின்றன. கரையிலிருந்து ஒருவர் எழுந்து போகும் நேரத்தில் கடலில் கூட்டம் கூடுகிறது.

அண்மைக்கால மாற்றம் இருவரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. ஜிபிஎஸ் கருவி வந்தபின் கடற்காரரின் பார் சில எண்களாகச் சுருங்கிவிட்டது. தலைமுறைகளாகக் காத்த இடத்தை யாரும் ஒரு நொடியில் பதிந்துகொள்ளலாம். பார் அப்படியே கிடக்கிறது, ரகசியம் மட்டும் போய்விட்டது. ஆற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. இன்று குறித்துவைத்த எண்ணில் அடுத்த ஆண்டு மணல்மேடு இருக்கலாம் என்பதால் மடுவின் ரகசியத்தைச் செயற்கைக்கோளால் திருட முடிவதில்லை. ஆனால் மணல் அள்ளுதலும் அணைகளும் மடுவையே எடுத்துவிடுகின்றன. கடலிலிருந்து காவிரிக்குள் ஏறி வந்த உல்லம் மீன், 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் ஆற்றில் அருகிப்போனது. என்னைக் கேட்டால், முதலில் எழுதிவைக்கப்பட வேண்டியது ஆற்றுக்காரரின் நினைவுதான். பாரை மறந்தால் ஈயத்தை இறக்கி மறுபடி தேடலாம், தூர்ந்த மடுவுக்கும் வராத மீனுக்கும் அவர் சொல் தவிர வேறு சாட்சி இல்லை.

இருவரும் ஒரே மீனுக்குக் காத்திருக்கும் இடங்களும் உண்டு. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றுப் பக்கம் போன்ற கழிமுகங்களில் கொடுவா இரண்டு நீரிலும் திரிகிறது. தலைகீழ் நிலை இந்த மீனிலும் உண்டு: கலவா பெண்ணாக வளர்ந்து பின்னர் ஆணாகும் மீன். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும் மீன். ஆகவே பெருங்கலவா ஆணாகவும் பெருங்கொடுவா பெண்ணாகவுமே பெரும்பாலும் இருக்கும். கழிமுகத்தில் ஆற்றுக்காரர் ஏற்றவற்றத்தைக் கற்றாக வேண்டும், கடற்காரர் நுரைக்கோட்டைப் படிக்கப் பழக வேண்டும். உயிருள்ள இறாலைக் கோர்த்து, வற்றம் தொடங்கி வாய்க்கால்களிலிருந்து பொடிமீன் வெளியேறும் வேளையில், தெளிநீரும் கலங்கல்நீரும் சந்திக்கும் விளிம்பில் இடவேண்டும் என்பதே இருவரும் சொல்லும் யோசனை. இந்த ஒரு மீனுக்கு மட்டும் இடத்தை மறைப்பதில்லை, ஏனென்றால் அந்த விளிம்பு ஒவ்வொரு வற்றத்திலும் நகர்ந்துவிடுகிறது.