கல்லும் மணலும்

"ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்ட வேண்டிய அவசியம் என்ன வந்தது?" என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். திண்டுக்கல்லிலிருந்து நாலு திக்கிலும் நல்ல ரஸ்தா போகிறது. அதை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய நான்கு பேர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய், கல்லிலும் கரட்டிலும் விழுந்து எழுந்து வருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எங்கள் கோஷ்டியில் ஒருவர் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் கணக்கு வாத்தியார். மூன்றாமவர் மெக்கானிக்; அவர் வராவிட்டால் மற்றவர்கள் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். நான்காவது ஆள் நான். மலைக்கோட்டை அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுப் புறப்படுவது வழக்கம்.

அந்த மலையை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், இந்தச் சீமையின் சரித்திரத்தைத் தரைதான் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சமவெளியில் திண்டைப் போட்டாற்போல ஒரு கல். ஊர்ப் பெயரே அதனால் வந்தது என்பார்கள். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மேல் கோட்டை கட்டினார். 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்தார். மைசூரை ஆளப் போகிறவருக்கு இந்தக் கரட்டுப் பூமி பள்ளிக்கூடமாக இருந்தது. 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1792-ல் சீமையே அவர்களுக்குப் போயிற்று. கொடிகள் மாறின. கல் அப்படியே இருக்கிறது.

நாங்கள் ஏறிப் போகும் புல்லட்டின் சரித்திரத்தையும் கல்தான் தொடங்கிவைத்தது. அந்த நாளில் கல்வழிப் போட்டிக்குப் போகும் வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருக்கும். அது தனியாக ஏறி இறங்கினால் பிடிப்புப் போய்விடும் என்பது அனுபவசாலிகளின் கட்சி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியார், 1948-ல் பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த புல்லட்டைப் போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். பலர் முகம் சுளித்தார்கள். அதே வருஷம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் அந்த வண்டிகள் இரண்டு தங்கப் பதக்கங்களை வாங்கிவிட்டன. சக்கரம் கல்லோடு மல்லுக்கு நிற்காமல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இணங்கிப் போயிற்று; அதனாலேயே தரையை விடாமல் பற்றிக்கொண்டது. 1952-ல் ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் புல்லட்டில் ஜெயித்தார். அது வேகப் பந்தயம் அல்ல. குறித்துவைத்த கரடுமுரடான இடங்களில் காலை ஊன்றினால் மார்க் போய்விடும். குறைவாக இழந்தவருக்கே வெற்றி.

1949 முதலே மதராஸ் மோட்டார்ஸ் என்ஃபீல்ட் வண்டிகளைத் தருவித்து விற்றது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் ராணுவம் புல்லட்டை வாங்கிற்று. 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த வீடான ரெட்டிச் ஆலையை 1967-ல் மூடிவிட்டார்கள். வண்டி புகுந்த வீட்டில்தான் வாழ்ந்தது.

கல்லில் ஓட்டுவது ஒரு வித்தை என்றால், மணலில் ஓட்டுவது அதற்கு நேர் எதிரான வித்தை. கல்லில் முதல் கியரில் ஊர்ந்து போக வேண்டும். மணலில் தயங்கினால் சக்கரம் புதைந்துவிடும். எழுந்து நின்று, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைக் குறைக்காமல் போக வேண்டும். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடத்தான் செய்யும். ஆடட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது இருபது வருஷத்துக்கு முன்பு, வேடசந்தூர்ப் பக்கம் குடகனாற்றில். நடு ஆற்றில் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி என்மேல் சாய்ந்தது. சைலன்ஸர் கெண்டைக்காலைச் சுட்டது. சிநேகிதர்கள் தூக்கி நிறுத்தினார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறங்கி வந்தார்.

"ஏன் தம்பி, பாலம் அங்கிட்டு இருக்குல்ல?"

நாங்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தோம். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலைப் பறித்தார். முழங்கை ஆழம்கூடப் போயிருக்காது. தண்ணீர் ஊறி வந்தது. கலங்கலை இரண்டு முறை இறைத்து ஊற்றிவிட்டு, தெளிந்ததைச் சிரட்டையில் மொண்டு கொடுத்தார். அது சித்திரை மாதம். ஆற்றில் ஒரு சொட்டு ஓடவில்லை. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இந்த வருஷம் நாங்கள் அதே இடத்துக்குப் போனோம். பழைய பாடம் மறக்கவில்லை. இறக்கத்தில் எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, வேகமாக இறங்கினேன். சக்கரம் 'டணார்' என்று பாறையில் மோதியது. நல்ல வேளையாக விழவில்லை. பார்த்தால், ஆறு முழுவதும் பாறையும் களிமண்ணும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்தது. கரை ஆளுயரத்துக்கு மேலே நின்றது.

"இனிமே இங்கே மணல்லே ஓட்டிப் பழக முடியாதுண்ணே" என்றார் மெக்கானிக்.

மணல் நமக்குக் கட்டடச் சாமான். ஆற்றுக்கு அது தண்ணீர்த் தொட்டி. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மழைத் தண்ணீரை நிறுத்திவைத்து, வெயில் குடித்துவிடாமல் காத்து, கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். அது போன பிறகு, பெய்த மழை பாறைமேல் வழிந்து ஓடிவிடுகிறது.

கணக்கு வாத்தியார் சும்மா இருக்கவில்லை. "ஒரு வீட்டுக்கு எத்தனை லோடு மணல் ஆகும்?" என்று கேட்டார். பூட்டுக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாறையைப் பார்த்தேன். நான் வீடு கட்டியபோது மணல் லாரி ராத்திரியில்தான் வந்தது. லோடு என்ன விலை என்று கேட்டேன். எந்த ஆறு என்று கேட்கவில்லை.

ஹைதரும் ஆங்கிலேயரும் அசைக்காத தரையை, நாங்கள் நாலு சுவர் எழுப்புவதற்காக அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். ஸ்காட்லாந்துப் போட்டிக்காரர் காலை ஊன்றினால் ஒரு மார்க்தான் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பியதும், "இன்று எத்தனை தடவை விழுந்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

"ஒரு தடவைகூட இல்லை. விழுவதற்கு மணல் இருந்தால்தானே!" என்றேன்.

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சுவர் குளிர்ச்சியாக இருந்தது.