மந்தத்தைத் தாங்கிய ஊரும் சுமந்த தறியும்: காஞ்சிபுரப் பட்டுத்தொழிலும் மனைச் சந்தையும்

பொருளியல் மந்தம் நேரும்போது எல்லா ஊர்களும் ஒரே அளவில் சரிவதில்லை. இவ்வேறுபாட்டை விளக்க முற்படுவோர் தொழில்களின் பன்மை, ஏற்றுமதிச் சார்பு, வங்கிக் கடனின் அளவு ஆகியவற்றையே பெரும்பாலும் கணக்கில் கொள்வர். இவ்வளவுகோல்களுள் முதலாவதைக் கொண்டு நோக்கினால் காஞ்சிபுரம் எளிதில் நிலைகுலைய வேண்டிய ஊர். அதன் வாழ்வு பெரிதும் ஒரே தொழிலைச் சார்ந்தது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டும். விற்கப்படுவதோ விலையுயர்ந்த சேலை. எனினும் 1930களின் பெருமந்தமும் 2008இன் உலக நிதி நெருக்கடியும் அவ்வூரின் தறிகளை அடியோடு நிறுத்திவிடவில்லை. அதன் காரணங்களையும், அத்தாங்குதிறனுக்கான விலையைச் செலுத்தியவர் யார் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நெசவும் கோயிலும் இவ்வூரில் கொண்டிருந்த உறவு பழைமையானது. உத்தமசோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின் ஊரகத் திருக்கோயிலுடைய நிருவாகப் பொறுப்பைப் பட்டசாலியர் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்படைத்ததைக் கூறுகிறது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி ஆகியவை அவற்றுள் அடங்கும். நெசவாளர் கோயிலுக்குத் துணி அளிப்பவராக மட்டுமன்றி அதன் பொருளைக் காப்பவராகவும் இருந்தனர். இதனைக் கொண்டு இன்றைய பட்டுச் சேலையின் வரலாற்றைச் சோழர் காலம்வரை நீட்டுவது விளம்பர நூல்களுக்குப் பொருந்தலாம், ஆய்வுக்குப் பொருந்தாது. நெடுங்காலம் இவ்வூரின் முதன்மை நெசவு பருத்தியே. பட்டு மேலோங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே ஆகும்.

இம்மாற்றமே இங்கு முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாண நெசவாளர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். உணவு விலை ஏறும்போது உழவர் முதலில் கைவிடுவது புதுத்துணியை. ஆகவே பருத்தி நெசவாளரின் வேலை, பஞ்சம் முற்றும் முன்பே நின்றுபோனது. வாங்குவோர் உழவராக இருந்தவரை ஊரின் நிலை மழையைச் சார்ந்தே இருந்தது. பட்டுக்கு மாறியபோது நெசவுப் பொருளோடு வாங்குவோரும் மாறினர்.

1929க்குப் பின் வந்த பெருமந்தம் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்தியது. தமிழகத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது; கிராமக் கடன் உறைந்தது. கிறிஸ்டோபர் பேக்கரின் தமிழகக் கிராமப் பொருளியல் ஆய்வு (1984) இவ்வீழ்ச்சியை விரிவாகப் பதிவு செய்துள்ளது. 1931 செப்டம்பரில் பிரித்தானியா பொன் மதிப்பீட்டைக் கைவிட்டபின் இந்தியாவிலிருந்து பெருமளவு பொன் வெளியேறியது. அதில் உழவர் குடும்பங்கள் நெருக்கடியில் விற்ற நகைகளும் அடங்கும். ஆயின் நிலையான மாதச் சம்பளம் பெற்ற நகர்ப்புற அலுவலர்க்கு விலைவீழ்ச்சி வாங்கும் திறனைக் கூட்டியது. அதே காலத்தில் சீன, ஜப்பானியக் கச்சாப் பட்டு மலிவாக வந்து குவிந்தது. மைசூர்ப் பட்டுப்புழு வளர்ப்போர் இதனால் நலிந்தனர். 1933இல் சுங்கவரி வாரியம் விசாரித்து, 1934இல் பாதுகாப்பு வரி விதிக்கப்பட்டது. மைசூருக்குக் கேடாக வந்த அதே மலிவு பட்டு நெய்வோரின் மூலப்பொருட் செலவைக் குறைத்தது. ஓர் ஊரின் தாங்குதிறன் மற்றோர் ஊரின் இழப்பின்மீது நிற்கக்கூடும் என்பதை உள்ளூர் வரலாறுகள் அரிதாகவே குறிப்பிடுகின்றன.

தேவையின் இயல்பும் துணைநின்றது. திருமணம் தள்ளிப்போகலாம், நடக்காமற் போவதில்லை. வருமானம் குறைந்த வீட்டார் முகூர்த்தப் பட்டை அறவே தவிர்ப்பதில்லை. சரிகையைக் குறைப்பர், கரையைச் சுருக்குவர். கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நிறத்தில் பாவு அமைத்து, மூன்று நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை இத்தகைய ஏற்ற இறக்கத்திற்கு இடங்கொடுப்பது. சேலையின் தரம் இறங்கும், தறி நிற்காது. மேலும், ஆடியும் மார்கழியும் திருமணமற்ற மாதங்கள். ஆண்டுதோறும் சிறு மந்தத்தைக் கண்டு பழகிய ஊரில், வேலையற்ற வாரங்களைக் கடக்கும் வழிகளான சீட்டு, கைமாற்று, முதலாளி தரும் முன்பணம் ஆகியவை முன்பே வேரூன்றியிருந்தன. இம்மூன்றில் கடைசியானது தனித்துக் கவனிக்க வேண்டியது.

அதற்கு வீட்டின் கதையை அறிய வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடு என்பது தங்குமிடம் மட்டுமன்று. கூடத்தில் குழித்தறி; வாசலில் பாவு நீட்டத்தக்க நீண்ட தெரு. வீட்டை விற்பவர் தொழிற்கூடத்தையும் சேர்த்தே விற்க வேண்டும். ஆகவே விலை ஏறும்போது விற்று இலாபம் காணும் நாட்டமும், இறங்கும்போது அஞ்சி விற்கும் அவசரமும் குறைவு. கோயில் நகரங்களில் மனைகள் பலவும் கோயில் நிலத்தில் உள்ளவை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயிலின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ இயலாது. அமெரிக்காவில் 2007–08இல் நிகழ்ந்தது அடமானத்தின் சங்கிலி: தவணை தவறியது, வீடுகள் கைப்பற்றப்பட்டன, விலை சரிந்தது, மேலும் பலர் தவறினர். அடமானமே வைக்க முடியாத மனையில் இச்சங்கிலிக்கு முதற்கண்ணியே இல்லை.

ஆயினும் இக்காப்பு ஒரு பூட்டும் ஆகும். வீட்டை ஈடாக வைக்க இயலாத நெசவாளி, வங்கியிடம் செல்லாமல் முதலாளியிடம் முன்பணம் பெற்றார். முன்பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் நெய்ய இயலாது. கூலி குறைந்தாலும் மறுக்க இயலாது. மந்தத்தில் கூலிக்குறைப்பு எளிதாக நிகழ்ந்ததற்கு இதுவே அடிப்படை. கடன் அடுத்த தலைமுறைக்கும் சென்றது. பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறார் குறித்து ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. ஊர் தாங்கியது என்று புள்ளிவிவரம் கூறும் இடத்தில் தறியருகே அமர்ந்த சிறுவனின் உழைப்பும் உள்ளது என்பதை மறந்து ‘தாங்குதிறன்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவது முறையன்று.

இப்பிடியைத் தளர்த்தும் முயற்சியாகக் கூட்டுறவு சங்கங்களைக் காணலாம். 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பின்னாளைய கோ-ஆப்டெக்ஸ், தோன்றியது. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவு சங்கங்களை யுவான் ஆர்ட்டர்பர்ன் 1982ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார். 1971இல் அரசு இங்கேயே தமிழ்நாடு சரிகை நிறுவனத்தை அமைத்தது. தனியார் முதலாளி தேக்கக் காலத்தில் பாவு கொடுப்பதை நிறுத்துவார். சங்கமோ நெய்த சேலையை வாங்கிக் கிடங்கில் வைக்கும். இழப்பு நெசவாளியிடமிருந்து பொதுப்பணத்திற்கு மாறும். இதனைத் திறமையின்மை எனக் குறை கூறுவோர் உளர். அத்தேக்கத்தைக் கூலியிழப்போடு ஒப்பிட்டே அக்கூற்றை மதிப்பிட வேண்டும்.

2008இல் ஏற்றுமதியை நம்பிய திருப்பூர் வெளிநாட்டு ஆணைகளின் சரிவை நேரடியாக உணர்ந்தது. காஞ்சிபுரத்தின் வாங்குவோர் பெரும்பாலும் உள்நாட்டினர். அதற்குப் பேரடி வேறு திசையிலிருந்து வந்தது. 2011 ஏப்ரலில் வெள்ளி விலை உலகச் சந்தையில் ஓர் அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியது. சரிகையின் உடலே வெள்ளியாதலால் சேலையின் அடக்கவிலை உயர்ந்தது. தேவை குன்றுவதைத் தாங்கும் அமைப்பு, மூலப்பொருள் விலையேற்றத்தின் முன் செயலற்றது. 2020 மார்ச் முழுமுடக்கமோ திருமணக் கூட்டங்களையே நிறுத்தியது. மேற்கண்ட காப்புகளில் முதலாவது அங்கே பொய்த்தது.

இதனிடையே அருகிலுள்ள திருப்பெரும்புதூரில் வேறுவகை மனைச் சந்தை உருவானது. 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. தொழிலாளரை நம்பி எழுந்த வாடகை அறைகளின் வருவாய் ஆலையின் சம்பளத்தோடு பிணைந்தது. நெசவாளர் பிள்ளைகள் இத்தொழிற்பேட்டைகளுக்குச் செல்லத் தொடங்கினர். முன்பணமில்லாத மாதச் சம்பளம் அவர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு சேலையின் பெயரைக் காத்தது. நெய்பவரை வீட்டில் நிறுத்தவில்லை. குழித்தறியை மூடித் தளமிட்டு வாடகைக்கு விடப்படும் கூடம் இப்போது வெறும் வீடு. அதன் வாடகையை இனி நிர்ணயிப்பது முகூர்த்த நாளன்று, ஒரகடத்து ஆலைகளின் சம்பள நாள்.