ஊர்ப்பெயர் ஏறிய உணவுப்பட்டியல்

உண்பவர் விரும்பியதைக் கேட்டுப் பெறுதல் ஒரு முறை. சமைப்பவர் தேர்ந்து படைப்பதை ஏற்று உண்ணுதல் மற்றொரு முறை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் தோன்றிய உணவகங்கள் முதல் முறையைப் பரப்பின. சிறு சிறு அளவில் பல உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படைக்கும் இன்றைய 'டேஸ்டிங் மெனு' இரண்டாம் முறையைச் சார்ந்தது. அதற்கு நெருங்கிய உறவுடைய ஒற்றைப்பட்டியல் விருந்தை அமெரிக்காவில் நிலைநாட்டிய உணவகங்களுள் முதன்மையானது, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஷாட்டக் சாலையிலுள்ள 'ஷே பனீஸ்' எனலாம்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பண்பாடு பயின்ற ஆலிஸ் வாட்டர்ஸ், 1971 ஆகஸ்டு 28 அன்று ஒரு பழைய வீட்டில் இதனைத் தொடங்கினார். மார்செல் பாஞோலின் திரைப்படங்களில் வரும் பனீஸ் என்னும் பாத்திரத்தின் பெயரே உணவகத்தின் பெயராயிற்று. முதல் இரவில் ஒலிவக்காயுடன் சமைத்த வாத்துக்கறி, பிளம் பழப் பணியாரம் உள்ளிட்ட விருந்துக்கு விலை 3.95 டாலர். நண்பர்களுக்கு வீட்டில் விருந்திடுவது போன்ற உணவகமே அவர் கனவு. வீட்டு விருந்தில் பட்டியல் நீட்டுவார் எவருமிலர் அல்லவா? இன்று அவ்விருந்தின் விலை நூறு டாலரைக் கடந்துவிட்டது. அண்டை வீட்டார் அனைவர்க்கும் எட்டும் விருந்தாக அது இல்லை.

கவிஞர்கள் கருத வேண்டிய நாள் 1976 அக்டோபர் 7. அதுவரை பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பட்டியலை, அன்று தலைமைச் சமையற்கலைஞர் ஜெரமையா டவர் ஆங்கிலத்தில் எழுதினார். டொமாலிஸ் விரிகுடாச் சிப்பி, மான்டரே விரிகுடா இறால், மென்டசினோ முறையில் மக்காச்சோளச் சாறு, சொனோமாவின் பாலாடைக்கட்டி என வட கலிபோர்னிய ஊர்ப்பெயர்கள் வரிசையாக நின்றன. உணவைக் கருப்பொருளுள் ஒன்றாக்கி நிலத்தோடு பிணைத்த தொல்காப்பியம் பயின்றோர்க்கு இது வியப்பன்று. ஆயினும் பிரெஞ்சுப் பெயரே உயர்வெனக் கருதிய சூழலில், பக்கத்து ஊரின் பெயரைப் பட்டியலில் ஏற்றத் துணிவு வேண்டும். மொழி மாறியதும் பொருளும் மாறியது. எந்தச் சமையல்முறை என்னும் வினா பின்தள்ளப்பட்டு, எந்த நிலத்து விளைவு என்னும் வினா முன்வந்தது.

இங்கு ஒரு குறையும் சுட்டத்தக்கது. அதே கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 முதல் 1970 வரை பிலிப்பினோ, மெக்சிகத் தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். 1975இல்தான் வேளாண் தொழிலாளர்க்குச் சங்க உரிமை தரும் மாநிலச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் எழுதப்பட்ட இப்பட்டியலில் ஆறும் கடலும் ஊரும் பெயர் பெற்றன; பறித்த கை பெயர் பெறவில்லை. பின்னாளில் இம்முறையைப் பின்பற்றிய உணவகங்கள் பண்ணை உரிமையாளர் பெயரை அச்சிட்டன. கூலியாள் பெயரை அச்சிடும் வழக்கம் உண்டாகவில்லை.

1980இல் மாடியில், விரும்பியதைத் தெரிந்து உண்ணும் எளிய விலைச் சிற்றுணவகம் ஒன்று திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் அன்றன்றைய ஒற்றைப் பட்டியலே தொடர்ந்தது.