பிரைஸ் கேன்யனும் நான் தர மறந்த ஒரு மதிப்பெண்ணும்



மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. "அமெரிக்காவில் பார்த்ததையெல்லாம் எழுதுங்க சார்" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இதோ ஒன்று. கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். லாஸ் வேகாஸிலிருந்து காரில் நான்கு மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து எட்டாயிரம் அடிக்கு மேல் உள்ள இடம். நம் கொடைக்கானலைவிட உயரம். காலையில் ஸ்வெட்டர், மஃப்ளர் இல்லாமல் நிற்க முடியவில்லை.

மேட்டின் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தால், ஆயிரக்கணக்கான கல் தூண்கள். சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், வெள்ளை என்று அடுக்கடுக்காக நிறம். ஒவ்வொரு தூணும் ஒரு ஆள் நிற்பது போல இருக்கிறது. தலை, கழுத்து, தோள் எல்லாம் தெரிகிறது. திருவிழாக் கூட்டம் அப்படியே அசையாமல் நின்றுவிட்ட மாதிரி. இவற்றுக்கு 'ஹூடூ' என்று பெயர். ஒரே இடத்தில் இத்தனை ஹூடூக்கள் உலகில் வேறெங்கும் இல்லை.

இது உருவான விதம் எளிமையானது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஏரி இருந்தது. அதன் அடியில் படிந்த வண்டல்தான் இந்தச் சுண்ணாம்புக் கல். பிறகு நிலம் மேலெழும்பி பீடபூமி ஆனது. ஆண்டுக்கு ஏறக்குறைய 170 முதல் 200 நாள் இங்கே இரவில் தண்ணீர் உறைகிறது, பகலில் உருகுகிறது. பாறை விரிசலில் இறங்கிய நீர் உறையும்போது விரியும். ஆப்பு வைத்து அடித்தது போலப் பாறை பிளக்கும். மழைநீர் மெத்தான பகுதியைக் கரைத்துக்கொண்டு போகும். மேலே கெட்டியான கல் தொப்பி மாதிரி இருக்கும் இடத்தில் மட்டும் தூண் நிற்கும். சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வந்தது. ஆறு அறுத்து உண்டாக்காததால், 'கேன்யன்' என்ற பெயரே புவியியல்படி சரியில்லை!

அப்போது பேரன் கேட்டான், "தாத்தா, பிரைஸ்னா யாரு? அவரோட இடமா இது?"

வரலாற்று வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? தெரிந்ததைச் சொன்னேன்.

எபனேசர் பிரைஸ் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கப்பல் கட்டும் தச்சு வேலை கற்றவர். மார்மன் சமயத்தில் சேர்ந்து யூட்டாவுக்கு வந்தார். பைன் வேலி என்ற ஊரில் 1868-இல் அவர் கட்டிய தேவாலயத்தின் கூரை, கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரி இருக்கும் என்பார்கள். 1870-களின் நடுவில் இந்தக் கல் தூண்களுக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் குடியேறினார். மேட்டிலிருந்து விறகும் மரமும் கொண்டுவர வண்டிப் பாதை போட்டார். அக்கம்பக்கத்தார் 'பிரைஸின் கேன்யன்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். 1880-இல் அவர் குடும்பத்தோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். இருந்தது ஐந்தாறு வருடம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவருக்குப் பிறகு வந்தவர்களுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. 1890 முதல் 1892 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டே வாய்க்கால் வெட்டி, மேட்டின் மறுபக்கம் ஓடிய செவியர் ஆற்றின் கிழக்குக் கிளையை இந்தப் பக்கம் திருப்பினார்கள். கடலுக்கே போகாமல் உள்நாட்டிலேயே முடிந்துவிடும் ஆற்றின் நீர், இப்படிக் கொலராடோ ஆற்றுப் பக்கம் வந்தது. டிராபிக் என்ற சிற்றூர் இன்றும் அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் விவசாயம் செய்கிறது. மூட்டுவலியோடு நான் நடந்து போய்ப் பார்த்த ஒரே இடம் அதுதான். சிவப்புப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. தேனி மாவட்டத்துக்காரனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்ன நினைவு வரும்? 1895-இல் பென்னிகுயிக் மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பியதுதான். ஏறக்குறைய அதே காலம், அதே தவிப்பு.

பிறகு வந்தது சுற்றுலா. 1915-இல் வனத்துறை அதிகாரியாக வந்த ஹம்ஃப்ரி என்பவர் இந்த இடத்தைப் பார்த்து அசந்துபோய், படம் எடுத்து வெளியே தெரியப்படுத்தினார். ரூபி சிரெட் தம்பதியர் விளிம்புக்கு அருகில் பயணிகளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தார்கள். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் தங்கும் விடுதி கட்டியது. 1923-இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1928-இல் தேசியப் பூங்கா ஆனது.

இந்தியாவிலிருந்து போயும் விக்டோரியா மகாராணி நம்மை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாறை அவர் சிலை போலவே இருக்கிறதாம். அந்தப் பகுதிக்கு 'ராணியின் தோட்டம்' என்றே பெயர். இன்னொரு தூண் 'தோரின் சுத்தியல்'. அது வடநாட்டு ஐரோப்பியர்களின் கடவுள்.

இத்தனையும் சொல்லி முடித்தேன். பேரன் விடவில்லை. "அவர் வர்றதுக்கு முன்னாடி இதுக்கு என்ன பேரு தாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர் இருந்தது. பிரைஸ் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே தெற்குப் பையூட் மக்கள் இந்த நிலத்தில் வேட்டையாடி, பைன் கொட்டை சேகரித்து வாழ்ந்தவர்கள். 1936-இல் ஒரு பையூட் முதியவர் பூங்கா ஊழியரிடம் சொன்ன கதையைப் பூங்காத் துறையே தன் வெளியீடுகளில் தருகிறது. ஆதியில் இங்கே பறவை, விலங்கு, பல்லி எனப் பல வகை உயிர்கள் மனித உருவில் வாழ்ந்தனவாம். அவர்கள் கெட்ட வழியில் போனதால் கொயோட்டே என்ற தெய்வம் எல்லோரையும் கல்லாக்கிவிட்டதாம். நிற்பவர் நின்றபடி, உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி. முகத்தில் பூசிய வண்ணம்கூட அப்படியே இருக்கிறதாம். அவர்கள் வைத்த பெயருக்குச் 'சிவப்பு வண்ணம் பூசிய முகங்கள்' என்று பொருள். அகலிகை கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. அந்தத் தூண்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், 'பிரைஸ் கேன்யன்' பொருத்தமா, 'சிவப்பு முகங்கள்' பொருத்தமா?

அந்த மக்கள் என்ன ஆனார்கள்? குடியேறியவர்கள் ஊற்றுகளையும் மேய்ச்சல் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1954-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, யூட்டாவின் பையூட் குழுக்களுக்கு இருந்த அரசு அங்கீகாரத்தையே ரத்து செய்தது. மருத்துவ உதவி நின்றது. ஏறக்குறைய 15,000 ஏக்கர் நிலம் கைவிட்டுப் போனது. உலகமெல்லாம் இருந்து ஜனங்கள் இந்தக் கற்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த அதே காலத்தில், கற்களுக்குக் கதை சொன்னவர்கள் சட்டப்படி 'இல்லை' ஆனார்கள். 1980-இல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

பிரைஸ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பாடுபட்டுப் பிழைத்த தச்சர். வாய்க்கால் வெட்டியவர்களின் உழைப்பும் பொய்யில்லை. ஆனால் வரலாறு அவர்களிடமிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் அதுதான் பொய்.

இப்போது சுருக்கென்ற விஷயம். பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் கோடிட்ட இடம் ஒன்று கொடுத்திருந்தேன்: 'அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் ______.' ஒரு மாணவி 'அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். "சார், அங்க ஆளுங்க இருந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். "பரீட்சைக்கு இதெல்லாம் உதவாது, போய் உட்காரு" என்றேன். அந்தத் தேர்வில் அவள் வாங்கியது 34. ஒரு மதிப்பெண் இருந்திருந்தால் தேர்ச்சி.

பேரனுக்குப் பதில் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா, இந்தப் பதிவை நீ படித்தால், உன் விடை சரி. 35 போட்டுவிட்டேன். தாமதத்துக்கு உன் வாத்தியாரை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விடைக்குறிப்பில் இல்லாத பதில் வந்தால், பேனாவை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வாழ்க வளமுடன்.