சுரண்டினால் ஒரு கார்

தடித்த உறை. மேலே பெயர்பெற்ற ஓர் ஆன்லைன் கடையின் முத்திரை. கதவு எண்ணிலிருந்து 517001 என்ற சித்தூர் பின்கோடு வரை பிழையில்லாத முகவரி. உள்ளே ஒரு வாழ்த்துக் கடிதம், கூடவே சாம்பல் நிறப் பூச்சு பூசிய அட்டை. காசால் சுரண்டினால் துகள் நகக்கண்ணில் ஏறுகிறது. அடியில் ஒரு காரின் பெயர். பரிசுப் பட்டியலில் பைக், டிவி, செல்போன் எல்லாம் இருந்தாலும் நமக்கு விழுவதென்னவோ கார்தான்.

இந்த அட்டைக்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. அங்கே அதை அனுப்புவது கார் ஷோரூம்களே, அல்லது அவர்களுக்காக விளம்பரம் செய்து கொடுக்கும் ஏஜென்சிகள். அட்டையில் ஒரு எண்ணோ ஒட்டிய சாவியோ இருக்கும். பொருந்தினால் பரிசு, நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். போனால் கையில் கிடைப்பது ஏதோ சில்லறைச் சாமான். பெரிய பரிசுக்கான வாய்ப்பு எவ்வளவு என்பது எறும்பெழுத்தில் அடியில் கிடக்கும். அதற்குள் விற்பனையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். மிச்சிகனின் ஃபவுலர்வில் ஃபோர்டு என்ற ஷோரூம் இப்படிப் பரிசுக் கடிதம் அனுப்பியதாக 2014 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. லூசியானாவின் டிராஃபிக் ஜாம் ஈவென்ட்ஸ் என்ற விளம்பர நிறுவனம், 2020-இல் கார் விற்பனைக் கடிதத்தைக் கொரோனா நிவாரண அறிவிப்பு மாதிரியே அச்சடித்து, அதே ஆணையத்திடம் மாட்டியது. பரிசு விழுந்ததாகப் பொய் சொன்ன கடிதங்களும் அந்தப் புகாரில் இருந்தன.

அங்கே அட்டையின் வேலை ஆளைக் கடைவாசலுக்கு இழுப்பது. நம்மூர் அட்டையின் வேலை நேர்மாறு: ஆள் எந்தக் கடைக்கும் போய்விடக் கூடாது. திருப்பதி ரேணிகுண்டா சாலையில் ஒரு ஷோரூமில் நுழைந்து கடிதத்தைக் காட்டினால் ஐந்தே நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். ஆகவே கடிதத்தில் நம்பகமான விலாசம் இராது. செல் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கும்.

(ஆளை வரவழைக்கும் ரகமும் இங்கே இல்லாமல் இல்லை. பெட்ரோல் பங்க், மால் வாசல்களில் வைத்திருக்கும் கூப்பன் பெட்டி அதுதான். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி சேர்ந்து வாங்க" என்று அழைப்பு வரும். போனால் மனையோ விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டமோ தலையில் கட்டப்படும்.)

முகவரி எப்படிப் போயிற்று என்று வியக்க ஒன்றுமில்லை. பார்சலைப் பிரித்துவிட்டுக் குப்பையில் போடும் லேபிளிலேயே பெயர், விலாசம் எல்லாம் இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியல்கள் கைமாறுவதும் நடக்கிறது. நாப்தோல் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரில் வரும் சுரண்டல் அட்டைகள் போலி என்று எச்சரித்தும் விட்டன. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தால் சந்தேகப்படுகிறவர்கூட, தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீட்டும் உறையை மதிக்கிறார். மோசடிக்காரன் தபால்தலைக்குச் செலவழிப்பது இந்த மரியாதைக்காகத்தான். அரசு அனுமதியில்லாத லாட்டரிச் சமாச்சாரத்தைத் தபாலில் அனுப்பக்கூடாது என்று 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமே சொன்னது. ஒட்டிய உறைக்குள் எந்தத் தபால்காரர் எட்டிப் பார்ப்பார்?

சித்தூர்ப் பக்கம் புதுக்கார் வாங்கினால் முதலில் வண்டி காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகும். மாலை, எலுமிச்சம்பழம், பூசை. அட்டையைச் சுரண்டியதுமே சிலர் மனதில் அதற்கு நாள் பார்த்துவிடுவார்கள். தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் வரும் ஊர் இது. எதிர்முனைக் குரலும் அதற்கேற்பப் பேசும்.

"வாழ்த்துகள் சார். கார் எடுத்துக்கிறீங்களா, பணமா வேணுமா?"

இந்தக் கேள்வியில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது. பணம் என்று சொல்ல வைப்பார்கள். பிறகு, "வரி கட்டணும் சார், இந்த அக்கவுண்ட்டில் போட்டுடுங்க." வரி என்பது கட்டுக்கதை அல்ல. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவு, லாட்டரி, போட்டிப் பரிசுகளுக்கு 30 சதவீதம் பிடிக்கச் சொன்னது. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. விவரம் தெரிந்த உறவினரிடமோ ஆடிட்டரிடமோ கேட்டாலும், "ஆமா, பரிசுக்கு வரி உண்டு" என்றுதான் சொல்வார். ஆனால் ரொக்கம் என்றால் கணக்கு வேறு. 12 லட்சம் பரிசு என்றால் 3 லட்சத்து 60 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதி 8 லட்சத்து 40 ஆயிரத்தைத் தர வேண்டியதுதானே? ஜெயித்தவர் முன்பணம் கட்ட அங்கே இடமே இல்லை. காருக்குப் பொருந்தும் விதியைப் பணத்துக்கு ஒட்டவைக்கும் இந்தக் கைவேலையைப் பலரும் கவனிப்பதில்லை. முதலில் கேட்பதும் சில ஆயிரம்தான். பிறகு என்ஓசி, ஜிஎஸ்டி, ஃபைல் சார்ஜ் என்று தொகை ஏறும். கட்டிய பணத்தை மீட்கவே அடுத்த தவணையைக் கட்டுகிறவர்கள் உண்டு.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. ஆசைகாட்டி ஆள்பிடிக்கும் விளம்பரங்களுக்கு 2022 ஜூனில் தனியே விதிமுறையும் வந்தது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம். வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. கூப்பன் பெட்டி வைத்த கம்பெனிமீது இதெல்லாம் செல்லும், ஏனென்றால் அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. சுரண்டல் அட்டைக்கு எதிராக வழக்குப் போட்டால் நுகர்வோர் ஆணையம் யாருக்கு நோட்டீஸ் அனுப்பும்? நோட்டீஸும் தபாலில்தான் போக வேண்டும். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று திரும்பிவரும். பணம் போன வழியைப் பிடிப்பது ஒன்றுதான் மிச்சம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குச் சீக்கிரம் சொன்னால், வேறு கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தொகையை வங்கியில் முடக்க வாய்ப்புண்டு. புகாரோடு அட்டையையும் உறையையும் கொடுக்க வேண்டும். தபால் முத்திரையில் அனுப்பிய ஊரின் பெயராவது தெரியும்.