ஒரு மொழி, இரு வழக்கு: மைசூருச் சங்கேதி இல்லங்கள்

மைசூரு மாவட்டத்தின் பிரியாபட்டண வட்டத்தில் பெட்டதபுரம் என்றோர் ஊர் உண்டு. ஹாசன் பக்கத்தில் கௌசிகம் என்றோர் ஊர் உண்டு. இவ்விரு ஊர்ப்பெயர்களும் ஒரே மொழியின் இரு வழக்குகளுக்குப் பெயராகிவிட்டன. அம்மொழி சங்கேதி. செங்கோட்டைப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கன்னட நாட்டுக்குக் குடிபெயர்ந்த அந்தணர் வழியினரின் வீட்டுமொழி அது. ஊராரோடு நேர்ந்த மனத்தாங்கலால் நாச்சாரம்மா என்னும் கற்றறிந்த பெண்மணி வெளியேற, அவரைப் பின்தொடர்ந்து வந்தவர்களே தம் முன்னோர் என்பது சங்கேதிகளின் மரபுக் கதை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவுடைய இம்மொழி, கன்னடச் சொற்களையும் வடசொற்களையும் மிகுதியாக ஏற்றுக்கொண்டு, இன்று செங்கோட்டைக்காரர் கேட்டால் பாதி புரிந்து பாதி திகைக்கும் நிலையை அடைந்திருக்கிறது.

கௌசிகம், பெட்டதபுரம் என்னும் இரு பிரிவினரும் தனித்தனியே குடியமர்ந்தனர். லிங்கதஹள்ளியைச் சார்ந்த மூன்றாவது பிரிவும் ஒன்றுண்டு. முன்னாளில் பெரும்பாலும் அவரவர் வட்டத்துக்குள்ளேயே மணவினை நடந்தது. ஆதலால் ஒரு வீட்டில் ஒரு வழக்கே ஒலித்தது. குழந்தை கேட்டதும் அதுவே. பிரிவு கடந்து மணம் செய்யும் பழக்கம் பின்னர் வந்தது. படிப்புக்காகவும் பணிக்காகவும் மைசூரு, பெங்களூரு போன்ற நகரங்களில் குடும்பங்கள் கலந்தபோது அது பெருகியது. கணவன் ஒரு வழக்கு, மனைவி மற்றொரு வழக்கு என்னும் இல்லம் அவ்வாறு பிறந்தது.

கூட்டுக்குடும்பத்தில் இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது: மருமகள் மாமியாரின் வழக்குக்கு மாறிக்கொள்வாள். அது நீதியான ஏற்பாடன்று. தாய்வீட்டுச் சொல் ஒன்று வாய்தவறி வந்தால் சமையலறையில் எழும் சிரிப்பைத் தாங்கவேண்டியவள் அவளே. மொழி நிலைபேற்றுக்கு மருமகள்கள் செலுத்திய இந்த விலை, மொழியியல் நூல்களில் அரிதாகவே கணக்கில் வருகிறது. ஆயினும் அவ்வேற்பாட்டில் குழந்தைக்கு மொழி போய்ச் சேர்ந்தது. இருவர் மட்டும் வாழும் நகரத்துக் குடியிருப்பில் மாமியாரும் இல்லை, நடுவரும் இல்லை. ஒருவர் சொல் மற்றவர் செவிக்குப் பிழையாக ஒலிக்கும். திருத்தினால் மனம் நோகும். பள்ளியிலும் கடைத்தெருவிலும் பழகிய கன்னடமோ இருவருக்கும் சமமாக வரும். அதில் எவரும் எவரையும் திருத்தவேண்டியதில்லை. கன்னடத்தின் மீது பற்று மிகுந்து வீட்டுமொழி கைவிடப்படுகிறது என்பதைவிட, கூச்சத்துக்கு இடமின்மையால் கன்னடம் உள்ளே வருகிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

வீட்டுக்குள் வாழும் வழக்குகளை ஆய்வுப்பொருளாகக் கண்டவர்களில் முதன்மையான ஒருவர் மைசூரில் பிறந்தவரே. ஏ. கே. ராமானுஜன் 1929இல் அங்கு ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர். வில்லியம் பிரைட்டுடன் இணைந்து 1964இல் வெளியிட்ட கட்டுரையிலும், ஐயங்கார், முதலியார் வழக்குகளை ஒப்பிட்டு 1968இல் எழுதிய கட்டுரையிலும், ஒரே தமிழுக்குள் சாதிதோறும் ஒலியும் சொல்லும் எவ்வாறு கிளைக்கின்றன என்று அவர் காட்டினார். ஐயர் வீட்டு ரசம் ஐயங்கார் வீட்டில் சாற்றமுது. பாயசம் அங்கே திருக்கண்ணமுது. இத்தகைய வேறுபாட்டோடு மணம் செய்துகொள்ளும் தமிழ்த் தம்பதியருக்கு மேலே எழுத்துத் தமிழ் என்னும் பொதுக்கூரை இருக்கிறது. இரண்டு பேச்சும் அதன் கிளைகளே என்று இருவரும் சமாதானம் அடையலாம். சங்கேதிக்கு அக்கூரை இல்லை. தனி எழுத்து இல்லை. எழுதுவோர் கன்னட எழுத்தையே கொள்கின்றனர். பள்ளிப் பாடமும் இல்லை.

சிவமொக்காவை அடுத்துத் துங்கைக் கரையிலுள்ள மத்தூரின் கதை இதனினும் விந்தையானது. 1980களின் தொடக்கத்தில் நடந்த சமஸ்கிருதப் பேச்சுப் பயிற்சி முகாமுக்குப் பின் அவ்வூர் 'சமஸ்கிருத கிராமம்' என உலகப்புகழ் பெற்றது. செய்தியாளர்கள் அங்கு சென்று, தெருவில் சமஸ்கிருதம் கேட்டதை வியந்து எழுதுகின்றனர். அவ்வூரின் பல வீடுகளில் தலைமுறைகளாகப் பேசப்படுவது சங்கேதி. முயன்று கற்ற பெருமொழிக்குப் படக்கருவிகள் திரும்பின. தாயிடம் கற்ற சிறுமொழி படத்தில் விழவில்லை.

வழக்கு வேறுபாடு மொழியைக் கைவிடுவதற்குப் போதிய காரணமாகுமா? அயர்லாந்தின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஐரிஷ் மொழியில் மூன்று பெருவழக்குகள் உள்ளன. நலம் வினவும்போது மன்ஸ்டர்க்காரர் 'கொனஸ் தா தூ' என்பார். கான்னாக்ட்டில் 'கேன் கீ வில் தூ'. அல்ஸ்டரில் 'கஜே மர் தா தூ'. அரசு 1958இல் வெளியிட்ட பொதுநெறி இலக்கணத்தையும் எழுத்துக்கூட்டலையும் ஒழுங்குபடுத்தியது. ஒலிப்பை எவர்மீதும் சுமத்தவில்லை. ஆகவே வெவ்வேறு வழக்கைக் கற்ற கணவனும் மனைவியும் ஒரே புத்தகத்தைப் படித்து வெவ்வேறாக ஒலிக்கலாம், இரண்டும் ஐரிஷே.

மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், ஆங்கிலமே ஆண்ட பெல்ஃபாஸ்ட் நகரின் மேற்கே ஷாஸ் சாலையில் சில இளந்தம்பதியர் அடுத்தடுத்து வீடு கட்டிக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஐரிஷ் தாய்மொழியன்று, வளர்ந்தபின் கற்றது. பிள்ளைகளிடம் ஐரிஷ் மட்டுமே பேசுவது என முடிவு செய்தனர். 1971இல் ஒன்பது குழந்தைகளோடு தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினர். அரசின் ஏற்பு 1984இல்தான் கிட்டியது. பதின்மூன்று ஆண்டுகள் வீடுகளும் நன்கொடையுமே அப்பள்ளியைத் தாங்கின. அக்குழந்தைகளின் ஐரிஷில் ஆங்கிலத்தின் சாயல் படிந்திருந்தது. கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் ஊர்களின் பேச்சோடு அது முற்றிலும் ஒத்துப்போகவில்லை. பெற்றோர் அதற்காகப் பேச்சை நிறுத்தவில்லை.

மொழி மீட்பைப் பற்றி 1991இல் நூலெழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், தம் எட்டுப் படிநிலைகளில் ஆறாவதையே நடுநாயகமாக வைத்தார்: வீடும் அண்டைவீடும் கூடிக் குழந்தைக்கு மொழியைக் கையளிக்கும் நிலை. ஷாஸ் சாலைத் தம்பதியர் வீட்டோடு அண்டைவீட்டையும் தாமே அமைத்துக்கொண்டனர். மைசூருச் சங்கேதிகளோ சரஸ்வதிபுரம், குவெம்பு நகர் எனப் பல பகுதிகளில் கன்னட அண்டைவீடுகளுக்கு நடுவே வாழ்கின்றனர். அங்குக் கௌசிக வழக்கில் தந்தையும் பெட்டதபுர வழக்கில் தாயும் பேசினால், குழந்தை இரண்டையும் கேட்டு மூன்றாவது ஒன்றைப் பேசக்கூடும். அதைத் தூய சங்கேதி அன்று எனப் பாட்டிமார் இருவருமே சொல்லக்கூடும்.